சென்னையிலிருந்து பூக்களின் பள்ளத்தாக்குக்கு: எதில் போவது?

பூக்களின் பள்ளத்தாக்குக்குப் போகத் தீர்மானித்தவர்கள் முதலில் கேட்பது, “விமானமா, ரயிலா?” என்றுதான். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். சென்னையிலிருந்து டெல்லி வரையுள்ள 2,200 கிலோமீட்டரை எதில் கடந்தாலும் பெரிய கேடு ஒன்றும் வந்துவிடாது. பயணம் நல்லபடியாக அமைவதும் கெடுவதும் ரிஷிகேஷுக்கு மேலே இருக்கும் 270 கிலோமீட்டர் மலைச்சாலையில்தான். அந்தச் சாலைக்கு நீங்கள் எந்த நேரத்தில், எந்த உடல்நிலையில், கையில் எத்தனை உபரி நாட்களோடு வந்து சேர்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விமானமா ரயிலா என்பது அதிலிருந்து தானாக விளங்கிவிடும்.

இடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத் போகும் வழிக்குக் கிழக்கே, புஷ்பாவதி ஆறு ஓடும் பள்ளத்தாக்கு இது. 1931இல் காமெட் சிகரம் ஏறி இறங்கிய பிரிட்டிஷ் மலையேறி ஃபிராங்க் ஸ்மைத் வழியில் இதைக் கண்டார். 1937இல் திரும்பி வந்து தங்கி, அதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். வெளியுலகம் அறிந்தது அதன் பிறகுதான். 1982இல் தேசியப் பூங்காவானது. 2005இல், ஏற்கெனவே உலகப் பாரம்பரியச் சின்னமாக இருந்த நந்தாதேவி பூங்காவோடு இதையும் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது. ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரைதான் திறந்திருக்கும். பூக்கள் முழுமையாக விரிந்திருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை. அதாவது அசல் மழைக்காலம். பூவும் நிலச்சரிவும் ஒரே பருவத்தில் வருவதால்தான் இந்தப் பயணத்துக்கு ஒரு தனி அத்தியாயமே தேவைப்படுகிறது.

மலையிலிருந்து பின்னோக்கி

பூங்காவுக்குள் இரவு தங்க அனுமதி கிடையாது. காலையில் உள்ளே போய் மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். தங்குமிடம் காங்கரியா என்ற சிற்றூர். உயரம் ஏறத்தாழ 3,050 மீட்டர். அங்கே மோட்டார் வண்டி போகாது. கோவிந்த்காட்டில் இறங்கி, பகிர்வு ஜீப்பில் நான்கு கிலோமீட்டர் போய் புல்னாவை அடைந்து, அங்கிருந்து ஒன்பது பத்து கிலோமீட்டர் மேட்டில் நடக்க வேண்டும். காங்கரியாவிலிருந்து பள்ளத்தாக்குக்கு இன்னும் மூன்று நான்கு கிலோமீட்டர்.

இப்போது பின்னோக்கி எண்ணுங்கள். நண்பகலுக்குள் புல்னாவில் நடக்கத் தொடங்கினால்தான் இருட்டுவதற்குள் காங்கரியா போய்ச் சேரலாம். அப்படியானால் முந்தைய இரவு ஜோஷிமட்டிலோ, இன்னும் அருகில் கோவிந்த்காட்டிலோ தங்கியிருக்க வேண்டும். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் 250 கிலோமீட்டர். சாலை நன்றாக இருந்தால் ஒன்பது பத்து மணி நேரம். இரவில் மலைச்சாலையில் வண்டிகளை விட மாட்டார்கள், விடுவதாக இருந்தாலும் மழையில் நீங்கள் போகக் கூடாது. ஆகவே அதிகாலை ஐந்து மணிக்கு ரிஷிகேஷை விட்டுக் கிளம்ப வேண்டும். அதற்கு முந்தைய இரவு ரிஷிகேஷில் நன்றாகத் தூங்கியிருக்க வேண்டும்.

கணக்கு இங்கேதான் நிற்கிறது: மாலைக்குள் ரிஷிகேஷ், இரவில் முழுத் தூக்கம். சென்னையிலிருந்து புறப்படும் எந்த ஏற்பாடும் இந்த இரண்டையும் தர வேண்டும். தராத ஏற்பாடு மலிவாக இருந்தாலும் வேண்டாம். இரவு விமானத்தில் டெல்லி இறங்கி, நள்ளிரவில் டாக்சி பிடித்து, விடியும்போது ரிஷிகேஷைத் தாண்டி நேரே மலையேறுவதாகப் பலர் திட்டம் போடுகிறார்கள். ஒரு நாள் மிச்சம் என்று தோன்றும். இரவெல்லாம் ஓட்டிய டிரைவர் அடுத்த பத்து மணி நேரம் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் அலகநந்தா ஆறுமாக வளையும் சாலையில் ஓட்டப் போகிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு நாள் மிச்சத்துக்கு நான் எவரையும் அனுப்ப மாட்டேன்.

ஜோஷிமட்டில் இரவு தங்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கடல் மட்டத்தில் வாழும் நமக்கு 3,000 மீட்டர் உயரம் உடனே பழகாது. ரயிலில் மெதுவாகப் போனால் உடம்பு பழகிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். நாக்பூரும் போபாலும் டெல்லியும் சமவெளிதான், அங்கே ஒரு வாரம் இருந்தாலும் உயரத்துக்குப் பழக்கம் வராது. ஏறத்தாழ 1,900 மீட்டரில் இருக்கும் ஜோஷிமட்டில் கழிக்கும் ஓர் இரவுதான் உதவும். தலைவலியோ குமட்டலோ அதிகமானால் மேலே ஏறாமல் கீழே இறங்குவதே வைத்தியம்.

ரயில்

சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸை இந்தப் பயணத்துக்காகவே விட்டது போல இருக்கும். அலுவலகம் முடித்து, வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம். விடிவதற்கு முன் விஜயவாடா, மதியம் நாக்பூர், இரவு போபால், அதற்கடுத்த விடியலில் புது டெல்லி. இடையில் முழுதாக ஒரே ஒரு பகல்தான். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸும் தினசரி வண்டி, சற்று அதிக நேரம் எடுக்கும். வாரத்தில் சில நாட்கள் ஓடும் ராஜதானி காலையில் கிளம்பி மறுநாள் முற்பகலில் நிஜாமுதீனில் விடும். மதுரைப் பக்கத்தாருக்கு சம்பர்க் கிராந்தியும், கன்னியாகுமரியிலிருந்து வருவோருக்குத் திருக்குறள் எக்ஸ்பிரஸும் உண்டு. இரண்டும் நிஜாமுதீன்தான் போகும். தினமும் ஓடாது, நாள் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லீப்பரில் டெல்லி வரை ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. மூன்றடுக்கு ஏசி அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். என் யோசனை: போகும்போது ஏசி, திரும்பும்போது பணம் இடித்தால் ஸ்லீப்பர். மலை ஏறப்போகும் உடம்புக்குத் தூக்கம் வேண்டும். ஜூலையில் பல்லார்ஷா, நாக்பூர் வழியில் மழை பெய்தால் ஸ்லீப்பர் பெட்டி இதமாக இருக்கும், மழை ஏமாற்றிவிட்டால் புழுங்கித் தள்ளும். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. அறுபதைத் தாண்டியவர்கள் முன்பதிவு செய்யும்போது அதைக் கேட்டு வாங்குங்கள்.

முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 120 நாளாக இருந்ததை 2024 நவம்பர் 1 முதல் குறைத்துவிட்டார்கள். ஆகஸ்ட் முதல் வாரம் போக நினைப்பவர் ஜூன் முதல் வாரத்தில் காலை எட்டு மணிக்கு ஐஆர்சிடிசி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். தட்கலை நம்பி இந்தப் பயணத்தைத் திட்டமிடாதீர்கள். காங்கரியாவில் அறை சொல்லி வைத்துவிட்டு, ரயில் ஏறுவதற்கு முந்தைய நாள் வரை படுக்கை உறுதியாகாமல் தவிப்பது வீண் வேதனை.

அடுத்து ஒரு சிக்கல். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது டெல்லிக்குள் நுழைவது காலை ஆறரை மணியை ஒட்டி. ஹரித்வார் போகும் டேராடூன் சதாப்தி அதே நிலையத்திலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்புகிறது. கால அட்டவணையில் பார்த்தால் கை நீட்டிப் பிடித்துவிடலாம் போலிருக்கும். பிடிக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வண்டி பல்வலுக்கு அப்பால் ஒரு சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் போதும், சதாப்தி போய்விடும். நேரத்துக்கே வந்தாலும், இரண்டு பெட்டியும் முதுகுப் பையுமாக மேம்பாலம் ஏறி நடைமேடை மாறிப் பெட்டியைத் தேட வேண்டும். குடும்பத்தோடு போகிறவர்கள் அந்த ஓட்டத்தைத் தவிர்ப்பதே நல்லது.

நிதானமான வழி எது? ஓய்வறையில் குளித்துச் சிற்றுண்டி முடித்து, மஞ்சள் தட மெட்ரோவில் மூன்றாவது நிலையமான கஷ்மீரி கேட்டில் இறங்கினால் மாநிலங்களுக்கிடையிலான பேருந்து நிலையம். ஹரித்வார், ரிஷிகேஷ் பேருந்துகள் பகல் முழுக்கக் கிளம்பிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு மணி நேரத்தில், மாலைக்கு முன்பே ரிஷிகேஷ். ரயிலில்தான் போவேன் என்பவருக்குப் பிற்பகலில் ஜன் சதாப்தி உண்டு. மாலையில் ஆனந்த் விஹாரிலிருந்து வந்தே பாரத்தும் உண்டு, ஆனால் அது ஹரித்வார் சேர இரவு ஆகிவிடும், அடுத்த விடியலில் மலையேற முடியாது. நிஜாமுதீனில் இறங்குபவர்கள் பக்கத்தில் இருக்கும் சராய் காலே கான் நிலையத்திலிருந்து இளஞ்சிவப்புத் தட மெட்ரோவில் வண்டி மாறாமல் ஆனந்த் விஹார் போகலாம். அங்கும் உத்தராகண்ட் பேருந்துகள் கிடைக்கும்.

தொடர் ரயிலில்தான் போவது என்றால், இரண்டு டிக்கெட்டுகளின் பிஎன்ஆர்களையும் ஐஆர்சிடிசியில் இணைத்துவிடுங்கள். 2019 முதல் இந்த வசதி இருக்கிறது. பயணிகள் பெயர் இரண்டிலும் ஒன்றாக இருந்து, முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், பயணிக்காத பகுதிக்கான பணம் பிடித்தமின்றித் திரும்பும். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இரண்டு வேளைச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துப் போங்கள். மிளகாய்ப் பொடி தடவிய இட்லி மறுநாள் காலைக்கும், புளியோதரை மதியத்துக்கும் தாங்கும். மூன்றாவது வேளைக்கு நாக்பூரில் பார்த்துக்கொள்ளலாம். ரயிலின் இன்னொரு நன்மையை எவரும் கணக்கில் எடுப்பதில்லை: மழைக்கோட்டு, கம்பளி, ஷூ, ஊன்றுகோல் என்று பையைக் கனமாகக் கட்டினாலும், இலவச எடை வரம்பைத் தாண்டாத வரை ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்க மாட்டார்கள்.

விமானம்

சென்னை–டெல்லி பறப்பது இரண்டே முக்கால் மணி நேரம். ஆனால் மாலைக்குள் ரிஷிகேஷ் என்ற விதி இங்கும் உண்டு. காலை ஆறு, ஏழு மணி விமானத்தில் ஏறினால்தான் அது நடக்கும். மதிய விமானம் மலிவாகக் கிடைத்தால் அந்த இரவை டெல்லியில் கழித்துவிடுங்கள். விடுதி வாடகையைச் சேர்த்தால் மலிவும் போய்விடும்.

டெல்லியில் இறங்கிப் பேருந்தில் போவதைவிட, டெல்லியில் விமானம் மாறி டேராடூனின் ஜாலி கிராண்ட் விமான நிலையத்தில் இறங்குவது எனக்குப் பிடித்த வழி. அங்கிருந்து ரிஷிகேஷ் ஏறக்குறைய இருபது கிலோமீட்டர்தான். டெல்லி நெரிசல் இல்லை, ஐந்து மணி நேரச் சாலை இல்லை. ஒரே டிக்கெட்டாக எடுங்கள். இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக எடுத்தால், முதல் விமானம் தாமதமாகும்போது இரண்டாவதற்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மழைக்காலத்தில் ஜாலி கிராண்டில் மேகம் தாழ்ந்து விமானம் தாமதமாவதும் ரத்தாவதும் உண்டு. போகும்போது அதைத் தாங்கிக்கொள்ளலாம். திரும்பும்போது அதே நாள் சென்னைக்கு வேறு விமானம் பதிந்திருந்தால் கஷ்டம்.

மலைக்குக் கொண்டுபோகும் சாமான்களிலும் ஒரு கவனம். நடைக்கான ஊன்றுகோலைக் கையில் எடுத்துப் போக விட மாட்டார்கள், சரக்கில் போட வேண்டும். பவர் பேங்க் நேர்மாறு, அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். சமைக்கும் கேஸ் குப்பி விமானத்துக்கும் ஆகாது, ரயிலுக்கும் ஆகாது. காங்கரியாவில் குருத்வாரா லங்கரும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன, அடுப்பே தேவையில்லை.

விடுப்புக் கணக்கு

விமானத்தில் போனால் நிறைய நாட்கள் மிஞ்சும் என்று எண்ணுகிறோம். எண்ணிப் பார்ப்போம். சனிக்கிழமை காலை விமானம், மாலை ரிஷிகேஷ். ஞாயிறு ஜோஷிமட். திங்கள் காங்கரியா. செவ்வாய் பள்ளத்தாக்கு. புதன் மறுபடி பள்ளத்தாக்கு அல்லது அருகிலுள்ள சீக்கியத் தலமான ஹேம்குண்ட் சாஹிப். வியாழன் இறங்கி ஜோஷிமட். வெள்ளி ரிஷிகேஷ். சனி உபரி நாள். ஞாயிறு வீடு. ஐந்து நாள் விடுப்பு.

இதையே ரயிலில் செய்தால் வெள்ளி இரவு கிளம்பி, ஞாயிறு காலை டெல்லி, மாலை ரிஷிகேஷ். எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும். இரண்டாவது திங்களன்று ரிஷிகேஷிலிருந்து டெல்லி, அன்று இரவே தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், புதன் விடிந்து சென்னை, நேரே அலுவலகம் போகலாம். ஏழு நாள் விடுப்பு. வித்தியாசம் இரண்டே நாள். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரு வழியிலும் மிஞ்சும் விமானக் கட்டணத்தை நினைத்தால், அந்த இரண்டு நாளைக் கொடுப்பது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. விடுப்பே கிடைக்காதவர், கைக்குழந்தை உள்ளவர், இரண்டு இரவு ரயிலில் உட்கார முடியாத முதுகுவலிக்காரர் ஆகியோருக்கு விமானம்தான் சரி. அவர்கள் தயங்கவே வேண்டாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். விமானத்தில் மிஞ்சும் இரண்டு நாளோடு அந்த உபரிச் சனிக்கிழமையையும் வெட்டி, எட்டு நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள்.

காவடி மாதம்

பூக்கள் விரியும் அதே நாட்களில் ஹரித்வாரில் கான்வர் யாத்திரை நடக்கும். சிவபக்தர்கள் லட்சக்கணக்கில் வந்து கங்கை நீரைக் காவடியில் எடுத்துக்கொண்டு நடந்தே ஊர் திரும்புவார்கள். டெல்லி–ஹரித்வார் சாலையின் பெரும்பகுதி அவர்களுக்காக விடப்படும். பேருந்துகள் சுற்றுவழியில் போகும், ஐந்து மணி நேரப் பயணம் பத்து மணி நேரமாகும். ரிஷிகேஷும் தப்பாது, அருகிலுள்ள நீலகண்ட மகாதேவர் கோயிலுக்கு அந்தக் கூட்டம் வரும்.

நாளைக் கண்டுபிடிப்பது எளிது. குரு பூர்ணிமாவுக்கு மறுநாள் தொடங்கி, அடுத்த அமாவாசைக்கு முந்தைய சிவராத்திரியோடு முடியும். 2025இல் ஜூலை 11 முதல் 23 வரை நடந்தது. வீட்டு நாட்காட்டியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கடைசி நான்கைந்து நாட்கள்தான் உச்சம். முடிந்தால் அந்த அமாவாசை கழிந்து கிளம்புங்கள். தவிர்க்கவே முடியாவிட்டால் இந்த ஒரு தருணத்தில் மட்டும் ரயிலைவிட டேராடூன் விமானத்தைத்தான் சொல்வேன், ஜாலி கிராண்டிலிருந்து ரிஷிகேஷ் போக ஹரித்வாருக்குள் நுழைய வேண்டியதில்லை.

சொந்தக் கார்

சென்னையிலிருந்து ரிஷிகேஷ் 2,400 கிலோமீட்டருக்கு மேல். ஒருவர் மட்டும் ஓட்டினால் நிதானமாக நான்கு நாள், இருவர் மாற்றி ஓட்டினால் மூன்று நாள். திரும்பவும் அவ்வளவே. ஆண்டு ஃபாஸ்டேக் பாஸ் 2025 ஆகஸ்ட் 15 முதல் கிடைக்கிறது, தொடங்கியபோது விலை 3,000 ரூபாய். 200 சுங்கக் கடப்புகளுக்குச் செல்லும் என்பதால் தேசிய நெடுஞ்சாலைச் செலவு குறையும். ஆனாலும் பதினைந்து நாளுக்குக் குறைவாக விடுப்பு உள்ளவருக்கு நான் காரைச் சொல்ல மாட்டேன். மூன்று நாள் சமவெளியில் நூறில் ஓட்டிப் பழகிய கை, ரிஷிகேஷுக்கு மேலே இருபதில் ஊர வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும், வளைவுதோறும் ஹாரன் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் ஏற்காட்டிலும் ஊட்டியிலும் ஓட்டியவருக்குத் தெரிந்ததுதான். கல் உருளும் சரிவுக்குக் கீழே எங்கே நிறுத்தக் கூடாது என்பதை அந்த மலையில் ஓட்டிப் பழகியவர்தான் அறிவார். கார்க்காரர்களும் ரிஷிகேஷில் காரை நிறுத்திவிட்டு உள்ளூர் டிரைவரோடு போவதே என் பரிந்துரை. எப்படியும் கார் கோவிந்த்காட்டைத் தாண்டாது.

அந்த 270 கிலோமீட்டர்

ரிஷிகேஷிலிருந்து கர்ணப்பிரயாகை வரை 125 கிலோமீட்டருக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் சுரங்கத்தில்தான் போகும். அது முடிந்தால் இந்த அத்தியாயத்தை மாற்றி எழுத வேண்டியிருக்கும். அதுவரை சாலைதான், மூன்று வழிகள் உண்டு.

பேருந்து மலிவு. விடியற்காலை இருட்டிலேயே கிளம்பிவிடும், முந்தைய மாலையே நிலையத்துக்குப் போய் இருக்கை பதிந்துவிடுங்கள். பத்ரிநாத் பேருந்து கோவிந்த்காட் வழியாகத்தான் போகும், அதில் ஏறினாலும் சரி. பகிர்வு ஜீப் சற்று வேகம், ஆள் நிறைந்தால்தான் நகரும். பின்னிருக்கையில் மட்டும் உட்காராதீர்கள், வாந்தி நிச்சயம். வயிறு புரட்டும் வழக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு மாத்திரை வாங்கி, கிளம்புவதற்கு அரைமணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

தனி டாக்சி வயதானவர்களுக்கு நல்லது. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் ஹரித்வாரில் முழுப் பயணத்துக்கும் பேசிவிடாதீர்கள். நீங்கள் மேலே மூன்று இரவு இருக்கும்போது வண்டி கோவிந்த்காட்டில் சும்மா நிற்கும், அந்த நாட்களுக்கும் வாடகை ஓடும். ஜோஷிமட் வரை ஒருவழிக்கு மட்டும் பேசுங்கள். இறங்கி வரும்போது வேறு வண்டி கிடைக்கும்.

வழியில் ஸ்ரீநகருக்கும் ருத்ரப்பிரயாகைக்கும் இடையே சிரோபகட் என்று ஓர் இடம். ஆண்டுதோறும் மழையில் சரியும் பாறைமுகம். வரிசையாக வண்டிகள் எஞ்சினை அணைத்து நிற்கும். முன்னே ஒரு ஜேசிபி மண்ணையும் கல்லையும் அள்ளி ஆற்றுப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கும். சற்றுத் தள்ளிச் சிவப்புக் கொடியோடு ஓர் ஆள் நிற்பார். அவர் வண்டிகளைப் பார்க்க மாட்டார், அண்ணாந்து சரிவையே பார்த்துக்கொண்டிருப்பார். மேலே ஒரு சிறு கல் தட்டி உருண்டாலும் விசில் ஊதுவார், ஜேசிபி பின்வாங்கும். சரிவு அடங்கியது என்று அவருக்குத் தோன்றினால் பத்துப் பதினைந்து வண்டிகளை விடுவார், மறுபடி மறிப்பார். இப்படி அரைமணியிலும் முடியும், அரைநாளும் ஆகும். அந்த ஆள் சொல்வதை மட்டும் கேளுங்கள். அவசரம் என்று டிரைவரை நச்சரிக்காதீர்கள். தண்ணீரும் பிஸ்கட்டும் இறங்குவதற்கு ஏதுவான காலணியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இருட்டுவதற்குள் ஜோஷிமட் போக முடியாது என்று தெரிந்தால் பீப்பல்கோட்டியில் தங்கிவிடுங்கள். விடுதிகள் இருக்கின்றன, ஜோஷிமட் அங்கிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஜோஷிமட்டுக்கே 2023 ஜனவரியில் நிலம் புதைந்து வீடுகள் விரிசல் கண்ட சோதனை வந்தது. தங்குமிடத்தை முன்பே பேசி உறுதி செய்துகொண்டு போங்கள். பணமும் அங்கேயே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே ரொக்கம்தான் கைகொடுக்கும். பத்ரிநாத்தையும் ஹேம்குண்ட் சாஹிப்பையும் சேர்க்க நினைத்தால் உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவை ஊரிலிருந்தே முடித்துவிடுங்கள்.

நம் ஊர்க்காரருக்கு இந்தச் சாலையில் ஒரு தனி ஈர்ப்பு உண்டு. அலகநந்தாவும் பாகீரதியும் கூடும் தேவப்பிரயாகைதான் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமட்டைத் திருப்பிரிதி என்று வைணவ மரபு கொள்கிறது. பேருந்தில் போனால் தேவப்பிரயாகையை ஜன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். ரகுநாதர் கோயிலுக்கு இறங்க ஆசைப்படுபவர் திரும்பும் வழியில் டாக்சி எடுக்கட்டும், மேலே போகும் நாளில் அதற்கு நேரம் இருக்காது.

கடைசி நடைக்கு ஹெலிகாப்டரும் உண்டு, கோவிந்த்காட்டிலிருந்து காங்கரியாவுக்குச் சில நிமிடங்கள். மழைக்காலத்தில் பள்ளத்தாக்கு மூடிக்கொண்டால் பறக்காது, அதை நம்பி நாளைக் குறைக்காதீர்கள். முழங்கால் வலி உள்ளவருக்குக் கோவேறு கழுதையும், ஆள் முதுகில் சுமக்கும் கூடையும் இருக்கின்றன. நடக்க முடிந்தவர்கள் நடந்தே போங்கள். 2013 ஜூன் வெள்ளம் பழைய பாதையின் பெரும்பகுதியை அடித்துப்போக, மறுபடி அமைத்த பாதை இது. ஆற்றை ஒட்டியே ஏறும்.

திரும்பும் டிக்கெட்

எல்லாரும் போகும் டிக்கெட்டுக்கு யோசித்து யோசித்துப் பார்ப்பார்கள், திரும்பும் டிக்கெட்டை அதே மூச்சில் போட்டுவிடுவார்கள். எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். போகும்போது சாலை ஒரு நாள் அடைபட்டால் பள்ளத்தாக்கில் ஒரு நாள் குறையும், அவ்வளவுதான். திரும்பும்போது அடைபட்டால் டெல்லி ரயில் போகும், விமானம் போகும், கூடுதல் விடுதி, கூடுதல் விடுப்பு, வீட்டில் கவலை. இதைவிட மோசம், ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அந்திக்கு மேல் மழையில் மலையிறங்கத் துணிவது.

அதனால் உபரியாக ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றால் அதைத் திரும்பும் பக்கத்தில், ரிஷிகேஷுக்கும் டெல்லிக்கும் இடையில் வையுங்கள். சாலை திறந்திருந்து அந்த நாள் மிஞ்சிவிட்டால் ஹரித்வாரில் கழியுங்கள், ஹர் கி பௌரியில் மாலை ஆரத்தி தினமும் நடக்கிறது. முதலில் அந்த நாளைக் குறித்துவிட்டு, அதற்கடுத்த நாளுக்குத் திரும்பும் டிக்கெட்டை எடுங்கள். சென்னையிலிருந்து கிளம்பும் டிக்கெட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.